உட்கார மறுத்த பொம்மை

அத்தியாயம் 17

தடதடவென்று நாற்காலிகள் சரிந்து விழுந்த சத்தத்தில் ஜெர்சனின் கை வழுக்கியது. பிளேடு இடது பெருவிரலில் இறங்கியது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். வாசலில் லோடு ஆட்டோ. வாடகை நாற்காலிகளைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, ஐம்பது சிவப்பு நாற்காலிகளும் தெருவில் கிடந்தன. டிரைவர் தலையைச் சொறிந்தபடி, "ஒண்ணும் உடையல அண்ணாச்சி. எல்லாம் நல்ல சாமான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுக்களையிலிருந்து அண்ணி ஜெப்ஸியின் குரல் வீட்டையே உலுக்கியது.

"பெர்சி! பிள்ள எங்க? பெர்சி!"

மூன்று வயதுப் பெர்சி அவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வெங்காயத் தோலைக் கிழித்து விளையாடிக்கொண்டிருந்தவள், அம்மா கத்தியதும் பயந்து அழ ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்ல மைனி. நாற்காலிதான் விழுந்துச்சு" என்றான் ஜெர்சன்.

ஜெப்ஸி பிள்ளையை வாரி இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக இப்படித்தான். பலமாக எந்தச் சத்தம் கேட்டாலும் அவள் முதலில் பிள்ளையைத் தேடுவாள்.

போன வருஷம் இதே தேதி, விடிந்தும் விடியாத நேரம். முத்தையாபுரம் தாண்டி, துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளில் கடைசி லாரியின் பின்னால், ஜெர்சனின் அண்ணன் ஷாமின் கார் போய்ச் சொருகியது. அதற்கு ஒரு நொடி முன்பு, உப்பள வேலைக்கு நடந்து போன சந்தனமாரி என்ற பெண்ணை அந்தக் கார் அடித்துத் தூக்கியிருந்தது. சந்தனமாரி அந்த இடத்திலேயே போனாள். ஷாம் ஆஸ்பத்திரி வாசலில் போனான். பின் சீட்டில் இருந்த அவன் மனைவி ஜெப்ஸிக்கு வலது கை எலும்பு முறிந்தது. மடியில் இருந்த பெர்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

துறைமுக யார்டில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு, ஒரு பொட்டும் தூங்காமல், நாசரேத் சர்ச்சின் அசனப் பண்டிகை விருந்துக்கு மனைவி பிள்ளையோடு கிளம்பினான் ஷாம். அப்பா முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார். ஓட்டும்போது கண் அசந்துவிட்டான். ஜெப்ஸி அப்படித்தான் சொன்னாள். போலீஸும் அப்படித்தான் எழுதியது. செத்தவன் மேல் வழக்கு நடக்காது என்பதால் கோப்பை மூடிவிட்டார்கள். ஊர் வாயைத்தான் மூட முடியவில்லை.

இன்று நாலு மணிக்கு முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம். சந்தனமாரியின் கணவன் சுந்தரராஜும் வருகிறான். அவனை வரவழைக்கத்தான் ஜெர்சன் போன வாரம் உப்பளக் குடியிருப்புக்குப் போய் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றான்.

"உங்க அண்ணன் உசுரோட இருந்தா மூஞ்சியில துப்பியிருப்பேன். செத்துத் தப்பிச்சுட்டான்" என்றிருந்தான் சுந்தரராஜ். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். "எல்லார் முன்னாலயும், வாயத் தொறந்து, எம் பொண்டாட்டியக் கொன்னது அவன்தான்னு நீங்க சொல்லணும். அப்பந்தான் வருவேன்."

அதைச் சொல்லப் போவது ஜெர்சன்.

அவன் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பா கிருபாநிதி அறைக்குள் வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்; ஜெர்சனின் தோளுக்குத்தான் வருவார். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களில் மங்கிக்கொண்டே வருவதால் சுவரைத் தொட்டபடிதான் நடப்பார். மூன்று வருஷமாகக் கார் சாவியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஷாம் போட்ட உத்தரவு அது.

"எழுதிக் குடுத்தத படிச்சுப் பாத்தியாலே?"

"பாத்தேன்."

"முணுமுணுன்னு படிக்கக் கூடாது. கடைசி நாற்காலிவரைக்கும் கேக்கணும்."

ஜெர்சன் அந்தத் தாளை எடுத்தான். தலைமை ஆசிரியரின் கையெழுத்து; கண் மங்கினாலும் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. *என் அண்ணன் ஷாம், தன் பொறுப்பின்மையால், உறங்காத கண்களோடு வாகனத்தை ஓட்டி, ஒரு தாயைக் கொன்றான். அவன் சார்பாக நான்...*

"'கொன்றான்'ங்கிற சொல்ல மாத்தக் கூடாதாப்பா? 'அவன் ஓட்டிய கார் மோதி இறந்தார்'னு..."

"எழுதுனது எழுதுனதுதான்."

"அப்ப நீங்களே படிங்க. நீங்க பெத்த பிள்ளதான?"

கிருபாநிதியின் கை சுவரிலேயே நின்றது. "எனக்குக் கண்ணு தெரிஞ்சா உன்னய ஏம்லே கெஞ்சப் போறேன்?" என்றவர், மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினார். பெயின்ட் வாடை அவருக்குப் பிடிக்காது. "இந்தப் பிளாஸ்டிக் கூத்த இன்னைக்காவது ஏறக்கட்டு. குருவானவர் வாராரு."

அவர் போனதும் ஜெர்சன் கதவைச் சாத்தினான்.

பிளாஸ்டிக் கூத்து மேஜை விளக்கின் கீழே நின்றது. அடர்நீலக் கார். உண்மையான காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நாளெல்லாம் ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, சாயங்காலம் பிளேடும் உப்புத்தாளும் சின்னத் தூரிகையும்தான் மூச்சு. எட்டு வருஷத்தில் இருபது கார்கள் செய்திருந்தான். ஆனால் இது ஒன்றைத்தான் பிறர் கேட்டுச் செய்கிறான்.

கேட்டவள் ஜெப்ஸி. "அவிய கார மாதிரியே ஒண்ணு செஞ்சு தருவியளா தம்பி? உங்க அப்பா கார் இதுதான்னு பெர்சிகிட்ட காட்டணும்" என்றாள் ஏழு மாதத்துக்கு முன்பு.

அந்த மாடலுக்கு, உதிரி பாகங்களைக் கோத்துச் செய்யும் கிட்டை உலகத்தில் எவனும் போடவில்லை. கிட்டத்தட்ட அதே உருவம் கொண்ட ஒரு ஜப்பான் காரின் கிட்டை வரவழைத்து, கூரையை அறுத்து, பின்பக்கத்தைக் குறைத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் கதவுகளைப் புதிதாக வெட்டி, புட்டி பூசித் தேய்த்து, ஏழு முறை பெயின்ட் அடித்திருந்தான். மீன் மார்க்கெட் வாசலில் எவனோ ஸ்கூட்டரில் இடித்த பின்கதவுப் பள்ளம்கூட அதில் இருந்தது.

உள்பக்கத்துக்குத்தான் ஆதாரம் இல்லை. காரின் உள்ளே ஷாம் ஒரு போட்டோ எடுத்து வைத்ததில்லை. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் எடுத்த படங்களை வக்கீலிடம் கெஞ்சி வாங்கினான். இடது பக்கம் நசுங்கிக் கிடந்தது. வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம், அப்படியே இருந்தது. அதைப் பார்த்து சீட், அது முன்பின் நகரும் தண்டவாளம், பெடல் எல்லாவற்றையும் அளந்து செய்தான்.

மாடல் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஞாபகத்தை நம்பாதே, போட்டோவை நம்பு. சீட் தண்டவாளத்தில் இருந்த துளைகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி, முன்னாலிருந்து மூன்றாவது துளையில் சீட்டை ஒட்டினான்.

நேற்றுச் சாயங்காலம் பொம்மையை முடித்தான். ஷாமின் பொம்மை. ஆறடி ஒரு அங்குலம் உயரமானவன், இந்த அளவில் ஏழே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உட்கார்ந்த நிலை, ஸ்டியரிங் பிடித்த கைகள், யார்டு சட்டை.

பொம்மை உட்காரவில்லை.

முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. ஸ்டியரிங் வயிற்றை அழுத்தியது. தன் அளவுதான் பிசகிவிட்டது என்று நினைத்து நேற்று சீட்டைப் பெயர்த்துப் புதிதாகச் செய்தான். இன்று காலை மறுபடி அளந்து, மறுபடி செய்தான். அப்போதும் உட்காரவில்லை. பொம்மையின் காலைக் கொஞ்சம் செதுக்கிவிடலாம் என்று பிளேடை எடுத்தபோதுதான் நாற்காலிகள் விழுந்தன.

இப்போது பிளேடைக் கீழே வைத்துவிட்டு போட்டோவை மறுபடி பார்த்தான். துளைகளை எண்ணினான். மூன்று.

ஷாம் அந்த சீட்டைக் கடைசித் துளை வரைக்கும் தள்ளித்தான் ஓட்டுவான். பின்னால் உட்காருகிறவன் காலை மடக்கிக்கொள்ள வேண்டும் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறார்கள்! மூன்றாவது துளையில் சீட்டைப் போட்டால் அவனால் காருக்குள் நுழையவே முடியாது.

ஜெர்சன் இன்னொரு போட்டோவைத் திறந்தான். நசுங்கிய இடது பக்கம். முன்சீட்டு இருந்த இடத்தில் தகரமும் பஞ்சும்தான் இருந்தன. வலது பக்கத்தில் விரிந்து தொங்கிய ஏர்பேக் தவிர ஒரு சேதமும் இல்லை.

ஓட்டினவன் செத்தான். ஆனால் ஓட்டினவன் உட்கார்ந்த இடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

மணி பத்தரை. அவன் பைக் சாவியை எடுத்தான்.

*

விபத்து வண்டிகளைக் குவித்து வைத்திருந்த மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. சீமைக்கருவேலம் கார்களின் ஜன்னல் வழியே வளர்ந்து வெளியே வந்திருந்தது. உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் சிவபாலன் காவலாளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உள்ளே கூட்டிப் போனான். இங்கே கிடக்கிற வண்டிகளில் பாதியை அவன்தான் கட்டி இழுத்து வந்தவன்.

"இன்னைக்குக் கூட்டத்த வச்சுக்கிட்டு இங்கன என்னலே வேல உனக்கு?" என்றான். "உங்க அப்பா என்னய தோல உரிச்சிருவாரு. ஆறாங்கிளாஸ்ல வாங்குன அடியே இன்னும் முதுகுல இருக்கு."

"டிரைவர் சீட்ட மட்டும் பாத்துச் சொல்லு."

கார் ஒரு ஓரத்தில் கிடந்தது. நீலம் வெளிறி, திட்டுத்திட்டாகத் துரு. ஜெர்சன் இதுவரை இதை நேரில் பார்த்ததில்லை. விபத்தன்று சென்னையில் இருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அண்ணன் பெட்டிக்குள் இருந்தான். ஏழு மாதம் ஒவ்வொரு அங்குலமாகச் செதுக்கிய கார் இப்போது எதிரே நிற்கையில், அதைத் தொட அவனால் முடியவில்லை.

சிவபாலன் வலது கதவை உதைத்துத் திறந்தான். குனிந்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான்.

"லாக் விழுந்திருக்கு. மூணாவது ஓட்டையில. பின்னு துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு. இது அன்னைல இருந்து அசையல."

"மோதுன வேகத்துல முன்னால நகர்ந்திருக்குமா?"

"நகர்ந்தா பல்லு உடைஞ்சிருக்கும், தண்டவாளம் கோணியிருக்கும். தொட்டுப் பாரு, புதுசு மாதிரி நேரா இருக்கு."

"அண்ணன வெளிய இழுக்கையில யாராவது தள்ளியிருப்பாங்களோ?"

"ஏலே, உள்ள மாட்டுனவன எடுக்கணும்னா சீட்டப் பின்னால தள்ளுவானா, முன்னால தள்ளுவானா? நீ படிச்சவன்தான?" சொல்லிக்கொண்டே வந்த சிவபாலன் சட்டென்று நிறுத்தினான். டார்ச் வெளிச்சம் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கும், ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கும் போய் வந்தது. ஷாமோடு பத்து வருஷம் கபடி ஆடியவன் அவன். ஷாமின் கால்களை அவனுக்குத் தெரியும்.

"ஜெர்சா" என்றான் மெல்ல. "இதுல ஷாம் உக்காந்தானா?"

ஜெர்சன் இல்லையென்று தலையாட்டினான்.

"வேற யாருலே உக்காந்தது?"

ஜெர்சன் மனதில் ஒரு பெயர் வந்து நின்றுவிட்டது. விபத்துக்கு முந்தின மாதம்தான் ஜெப்ஸி எல்.எல்.ஆர். எடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாம் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஐந்தடி இரண்டு அங்குலம். சீட்டை முன்னால் இழுக்காமல் அவளுக்குப் பெடல் எட்டாது.

தூக்கம் சொக்கிய புருஷனை இடது பக்கம் உட்காரவைத்துவிட்டு அவள் ஓட்டியிருக்கிறாள். ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறாள். பிறகு எழும்ப முடியாதவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பின் சீட்டில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இன்று நாலு மணிக்கு அவன் அந்தத் தாளைப் படித்தால், அது ஊரறிய எழுதிய தீர்ப்பு. பிறகு எந்தக் காலத்திலும் ஷாமின் பெயரைக் கழுவ முடியாது.

"யாருகிட்டயும் சொல்லாத" என்று சிவபாலனிடம் கேட்டுக்கொண்டான்.

"நான் எங்க சொல்லப் போறேன்? நீ என்ன செய்யப் போற, அதச் சொல்லு."

*

வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. முற்றத்தில் சிவப்பு நாற்காலிகள் வரிசையாக நின்றன. மாலை போட்ட ஷாமின் படம் வாசலுக்கு நேராக இருந்தது. யாரும் வந்திருக்கவில்லை. பெர்சியைப் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிப்போயிருந்தாள்.

"மைனி, ஒரு நிமிஷம் வாங்க."

வெள்ளைச் சேலையில் ஜெப்ஸி அவன் அறைக்குள் வந்தாள். மேஜையில் காரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்தில் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை.

"முடிச்சிட்டியளா? அந்தப் பள்ளம்கூட இருக்கே! பெர்சி குதிக்கப் போறா."

அவன் பொம்மையை அவள் உள்ளங்கையில் வைத்தான். "இது அண்ணன். நீங்களே உக்கார வைங்க."

கூரை கழன்று வரும்படி செய்திருந்தான். அவள் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொம்மையை டிரைவர் சீட்டில் இறக்கினாள். கால் இடித்தது. சாய்த்துப் பார்த்தாள். கை இடித்தது.

"கொள்ள மாட்டேங்குதே தம்பி. காலு ஒடிஞ்சிரப் போவுது."

"கொள்ளாது மைனி. நெசக் காருலயும் கொள்ளாது. இப்பதான் நேர்ல பாத்துட்டு வாரேன்."

அவள் கை அப்படியே நின்றது.

"சீட்டு மூணாவது ஓட்டையில இருக்கு. அண்ணன் அதுல ஓட்டவே முடியாது. ஓட்டுனவங்க குள்ளம். அண்ணன் இடது பக்கம் இருந்தான். இடது பக்கந்தான் நசுங்குச்சு." "எல்.எல்.ஆர். யாரு கையில இருந்துச்சு மைனி?"

ஜெப்ஸி பொம்மையை மேஜையில் வைத்தாள்.

"ஒரு வருஷமா அவன ஊரே திட்டுது. கடைக்குப் போனா, சர்ச்சுக்குப் போனா, ஆபீஸுக்குப் போனா, கொலகாரன் தம்பின்னு பாக்கான். நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. இன்னைக்கு நானும் எந்திரிச்சுச் சொல்லணும், இல்லியா?"

"தம்பி, நான்..."

"என்னலே சத்தம்?"

வாசலில் கிருபாநிதி நின்றார். ஜிப்பா, வேட்டி. ஒரு கையில் பைபிள், மறு கை கதவு நிலையில்.

ஜெர்சன் எல்லாவற்றையும் சொன்னான். போட்டோ, துளை, துருப்பிடித்த பின், பொம்மை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கிருபாநிதி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜெப்ஸி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தடவித் தடவி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்லே" என்றார்.

"என்ன தெரியும்?"

"வண்டிய ஓட்டுனது ஷாம் இல்லன்னு. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா இத எழுதிக் குடுத்தீங்க?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? செத்தவன எந்தப் போலீஸும் பிடிச்சு உள்ள போடமாட்டான். உசுரோட இருக்கிறவங்களப் போடுவான். இவளுக்கு ஒரு பிள்ள இருக்கு. அது தகப்பனும் இல்லாம தாயும் இல்லாம நிக்கணுமா?" அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. "ஷாம் இருந்தா அவனும் இதத்தான் சொல்லியிருப்பான். நாலு மணிக்கு எந்திரிச்சுப் படி. இதோட முடிஞ்சு போகட்டும்."

ஜெர்சன் தாளைப் பார்த்தான். அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. பெர்சியின் முகம் கண்ணுக்குள் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைச் சட்டைப் பையில் வைத்தான்.

"படிக்கேன்" என்றான்.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். ஜன்னலுக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், ஒரு ஆள் தனியாக வந்து உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை, உப்பில் வெடித்த பாதங்கள். சுந்தரராஜ், ஒரு மணி நேரம் முன்கூட்டியே வந்துவிட்டான். ஷாமின் படத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிருபாநிதி எழுந்தார். கையை நீட்டித் துழாவி ஜெப்ஸியின் தலையைக் கண்டுபிடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"யம்மா ஜெப்ஸி, நீ ஒண்ணுக்கும் பயப்படாத. நாங்க ரெண்டு பேரும் உன்னய மன்னிச்சிட்டோம்."

ஜெப்ஸி அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையிலிருந்து எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள். பிறகு ஜன்னலருகே போய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள். சுந்தரராஜ் திரும்பிப் பார்த்தான்.

அவனைப் பார்த்தபடியே, முற்றத்துக்குக் கேட்கும் குரலில் அவள் சொன்னாள்:

"மன்னிக்கியளா மாமா? அவிய தூக்கக் கலக்கத்துல இருக்காவன்னு சாவியப் பிடுங்கி ஓட்டுனதும் நீங்க, ஆளு கூடுமுன்ன எறங்கிப் போனதும் நீங்க. நான் பின்னால பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு, கண்ணு தெரியாம ஓட்டாதீங்க, ஆளு வாராங்கன்னு கத்திக்கிட்டேதான இருந்தேன்!"